மண்ணில் புதைந்த மரக்கலம்

ஒரு நாட்டின் பழைய வரலாற்றை நாம் எவற்றைக்கொண்டு அறிகிறோம்? ஏடுகளைக்கொண்டு அறிகிறோம், கல்வெட்டுகளைக்கொண்டு அறிகிறோம், அயல்நாட்டார் எழுதிவைத்த குறிப்புகளைக்கொண்டும் அறிகிறோம். இம்மூன்றும் அரிதாகிப்போன ஒரு காலத்தைப் பற்றி என்ன சொல்வது? 'அஃது இருண்ட காலம்' என்று பெயர் சூட்டிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குச் சென்றுவிடுவது எளிது. இங்கிலாந்தின் வரலாற்றை எழுதிய ஆசிரியர் பலர் நெடுங்காலம் அவ்வாறே செய்துவந்தனர். கி.பி. 410 ஆம் ஆண்டையொட்டி உரோமர் ஆட்சி பிரிட்டனில் முடிவுற்றது. அதன்பின் வட கடலைக் கடந்து ஆங்கிலர், சாக்சனியர், ஜூட்டர் என்னும் மக்கள் வந்து குடியேறினர். அவர்களையே ஆங்கிலோ-சாக்சனியர் என்று ஒருசேர வழங்குகிறோம். குடியேறிய பின் ஏறத்தாழ 200 ஆண்டுக் காலம் அவர்களிடையே நூல் எழுதுவோர் இல்லை. நூல் இல்லை, ஆகவே நாகரிகமும் இல்லை என்று பலர் முடிவு கட்டினர்.

அம்முடிவு சரிதானா? இக்கேள்விக்கு 1939 ஆம் ஆண்டில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு விடை வந்தது. அவ்விடையைப் பற்றியும், அதனை நாம் எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதைப் பற்றியும் மாணவர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் என்பது ஒரு மாவட்டம். அங்கே டெபன் என்னும் ஆறு கடலை நோக்கிச் செல்கிறது. ஆற்றின் ஒரு கரையில் உட்பிரிட்ஜ் என்னும் சிற்றூர் இருக்கிறது. எதிர்க்கரையில், நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 100 அடி உயரத்தில், மணற்பாங்கான மேட்டுநிலம் ஒன்று உள்ளது. அதற்குச் சட்டன் ஹூ என்று பெயர். அந்நிலத்தில் புல் மூடிய மண்மேடுகள் ஏறத்தாழப் பதினெட்டு இருந்தன. நிலத்துக்கு உரியவர் எடித் பிரெட்டி என்னும் அம்மையார்; கணவரை இழந்தவர். மேடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பிய அவர், இப்ஸ்விச் நகரப் பொருட்காட்சிசாலையாரின் உதவியை நாடினார். அவர்கள் பேசில் பிரவுன் என்பவரை அனுப்பிவைத்தனர்.

பிரவுன் பட்டம் பெற்றவர் அல்லர். உழவர் குடும்பத்தில் பிறந்து, 12 வயதிலேயே பள்ளியை விட்டவர். வானநூலையும் சில மொழிகளையும் தாமாகவே கற்றுக்கொண்டவர். அவருக்கு அந்த வட்டாரத்து மண்ணின் நிறமும் தன்மையும் கைவந்திருந்தன. 1938 ஆம் ஆண்டில் அவர் மூன்று மேடுகளைத் தோண்டினார். மூன்றும் முன்னரே கொள்ளையரால் குடையப்பட்டிருந்தன. ஆயினும் ஒரு மேட்டில் இரும்புத் தறையாணிகள் சில கிடைத்தன. கப்பற் பலகைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆணிகளே அவை.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்லவேண்டும். சட்டன் ஹூவுக்கு வடகிழக்கே சில மைல் தொலைவில் ஸ்னேப் என்னும் ஊர் உள்ளது. அங்கு 1862 ஆம் ஆண்டில் ஒரு மேட்டைத் தோண்டியபோது, வரிசை வரிசையாகத் தறையாணிகள் வெளிப்பட்டன. பலகைகள் உளுத்துப்போயினும், ஆணிகள் கிடந்த நிலையைக்கொண்டு அங்கே ஒரு கப்பல் புதைக்கப்பட்டிருந்தது என்று அக்காலத்தார் உணர்ந்து குறித்துவைத்தனர். அந்த ஆணிகளைப் பிரவுன் பொருட்காட்சிசாலையில் நேரிற் சென்று பார்த்து, தாம் கண்டெடுத்தவற்றோடு ஒப்பிட்டார். முன்னோர் ஒருவர் கவனமாகக் குறித்துவைத்த சிறு செய்தி, 76 ஆண்டுகளுக்குப் பிறகு மற்றொருவருக்குக் கைவிளக்காக உதவியது.

1939 ஆம் ஆண்டு மே மாதம் பிரவுன் பெரிய மேட்டைத் தோண்டத் தொடங்கினார். சில நாள்களிலேயே ஒரு தறையாணி தென்பட்டது, பின்னர் அதனருகே மற்றொன்று, பின்னும் ஒன்று. பிரவுன் வேலையை நிறுத்தச் செய்தார். மண்வெட்டியை ஒதுக்கிவிட்டுச் சிறு கரண்டியும் துடைப்பமும் கொண்டு மண்ணை நீக்கினார். ஓர் ஆணியையும் அதன் இடத்தைவிட்டு அவர் அசைக்கவில்லை. புளிப்புத் தன்மை வாய்ந்த அம்மணல் 1,300 ஆண்டுகளில் மரத்தை முற்றும் தின்றுவிட்டது. ஆனால் பலகை இருந்த இடமெல்லாம் மணல் இறுகிக் கருநிறம் கொண்டிருந்தது. ஆணிகளைப் பின்பற்றி அக்கருநிறத்தின்மீதே மண்ணை நீக்கிக்கொண்டு சென்றபோது, முன்னணியமும் பின்னணியமும் விலாவளைவுகளும் கொண்ட ஒரு முழுக் கப்பலின் வடிவம் தரைக்குள் தோன்றியது. அதன் நீளம் ஏறத்தாழ 90 அடி. நடுவில் அகலம் 14 அடி. பக்கத்துக்கு இருபதாக நாற்பது பேர் துடுப்பு வலிக்கத் தக்க கப்பல் அது என்று மதிப்பிட்டுள்ளனர்.

மாணவர்களே, இங்குச் சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆணிகளை அவசரப்பட்டுப் பிடுங்கி ஒரு பெட்டியில் சேர்த்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? துருப்பிடித்த ஆணிகள் பெட்டி நிறையக் கிடைத்திருக்கும், கப்பல் கிடைத்திராது. பொருளின் மதிப்பில் பாதி அப்பொருளில் இருக்கிறது. மறுபாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. தொல்பொருள் ஆராய்ச்சியின் முதற்பாடம் இதுவே.

கப்பலின் நடுவில் மரத்தால் அமைத்த ஓர் அறை இருந்தது. அதனைத் தோண்டும் பொறுப்பைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் பிலிப்ஸ் என்னும் அறிஞர் ஏற்றார். ஜூலை 21 ஆம் நாள், பெக்கி பிகட் என்னும் இளம்பெண் ஆராய்ச்சியாளர் மண்ணை நீக்கிக்கொண்டிருந்தபோது, செம்மணி பதித்த சிறிய தங்க அணி ஒன்று வெளிப்பட்டது. அடுத்த சில நாள்களில் 260க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. பொன்னும் வெள்ளியும் மட்டுமல்ல, வாளும் கேடயமும், தலைக்கவசமும் இரும்புச் சங்கிலிக் கவசமும், அண்டாவும் வாளியும், குடிகலமும் யாழும் அங்கே இருந்தன.

இவற்றைப் போல இறந்தாரோடு புதைத்த பொருள்களை ஈமப் பொருள்கள் என்கிறோம். அவை வாயில்லாச் சாட்சிகள். அவற்றிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கே அவை விடை கூறும்.

நான் பள்ளியில் வரலாறு கற்பித்த நாளில் மாணவரிடம் ஒரு கணக்குப் போடுவதுண்டு. இரயில் வண்டியில் யாரோ ஒருவர் ஒரு தகரப் பெட்டியை விட்டுச் சென்றுவிட்டார். உள்ளே ஒரு வேட்டி, ஒரு மூக்குக் கண்ணாடி, பம்பாயிலிருந்து வந்த பழைய பயணச் சீட்டு, ஒரு கிலுகிலுப்பை ஆகியவை இருக்கின்றன. பெட்டிக்கு உரியவர் யார்? 'வயதானவர்' என்பான் ஒருவன். 'பம்பாய்க்காரர்' என்பான் இன்னொருவன். 'அவருக்குப் பேரக் குழந்தை உண்டு' என்பான் மூன்றாமவன். அப்பொழுது நான் கேட்பேன்: பம்பாய்ச் சீட்டு அவர் பம்பாய்க்குப் போய்வந்ததைக் காட்டுமா, அல்லது அவர் பம்பாயிற் பிறந்ததைக் காட்டுமா? கிலுகிலுப்பை அவர் பேரனுக்கு உரியதா, நண்பர் வீட்டுக்கு வாங்கிச் சென்ற பரிசா? பொருள் சொல்வது ஒன்று. அதன்மேல் நாம் ஏற்றிச் சொல்வது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றவனே வரலாற்று மாணவன். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டன் ஹூவின் சாட்சிகளை ஒவ்வொன்றாக அழைப்போம்.

முதற் சாட்சி காசுகள். தங்கச் சட்டமிட்டுச் செம்மணி பதித்த மூடியையுடைய ஒரு பணப்பை கிடைத்தது. பையின் தோல் அழிந்துவிட்டது. உள்ளே இருந்த பொற்காசுகள் அழியவில்லை. அவை முப்பத்தேழு. இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதியை ஆண்ட மெரோவிஞ்சிய அரசரின் நாட்டில் அடிக்கப்பட்டவை அவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு நாணயச்சாலையைச் சேர்ந்தது. ஒரு கல்லறை, அதில் உள்ள மிகப் பிற்பட்ட காசைவிடப் பழையதாக இருத்தல் இயலாது அன்றோ? காசுகளை ஆராய்ந்தோர், கி.பி. 7 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கப்பல் புதைக்கப்பட்டது என்று கண்டனர். அப்பையில் முத்திரை இல்லாத மூன்று பொன்வட்டுகளும் இரண்டு சிறு பொற்கட்டிகளும் இருந்தன. முப்பத்தேழும் மூன்றும் சேர்ந்தால் நாற்பது. நாற்பது துடுப்புக்காரருக்கு ஆளுக்கொரு காசும், சுக்கான் பிடிப்பவனுக்குப் பொற்கட்டிகளும் மறுவுலகப் பயணக் கூலியாக வைக்கப்பட்டன என்று பிலிப் கிரியர்சன் என்னும் நாணயவியல் அறிஞர் 1970 ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். கருத்து அழகியது, மெய்யென்று நிறுவ வழியில்லை. பயில்வோர் அதனைக் கருத்தாகவே கொள்ளவேண்டும்.

இரண்டாம் சாட்சி வெள்ளித்தட்டு. அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 அடி 4 அங்குலம். அதன் பின்புறத்தில் கிழக்கு உரோமப் பேரரசர் அனஸ்தேசியசின் முத்திரைகள் உள்ளன. அவர் கான்ஸ்டான்டினோபிலில் இருந்து கி.பி. 491 முதல் 518 வரை ஆண்டவர். ஆகவே இத்தட்டு புதைக்கப்பட்டபோது அதற்கு வயது நூறுக்கு மேல். எத்தனை கைகளுக்கு மாறி அது இங்கிலாந்தை அடைந்ததோ! காசுகள் கிடைக்காமல் தட்டு ஒன்றே கிடைத்திருந்தால், கல்லறையின் காலத்தை ஒரு நூற்றாண்டு முன்னே தள்ளியிருப்போம். ஒரு பொருள் செய்யப்பட்ட காலம் வேறு. அது புதைக்கப்பட்ட காலம் வேறு. பாட்டியின் அட்டிகையைப் பேத்தி அணிவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கமே.

மூன்றாம் சாட்சி பொன்னணிகள். பெரிய இடைவார்ப் பூட்டு ஒன்று கிடைத்தது. அதன் எடை 412 கிராமுக்கு மேல். நம் வழக்கிற் சொன்னால் 50 சவரனுக்கு மேல். அதன் முகமெங்கும் பாம்பும் விலங்கும் பறவையும் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன. தோளில் அணியும் ஓரிணைப் பூட்டுகள் அதனினும் நுட்பமானவை. பொன்னாற் சிறு சிறு அறைகள் கட்டி, ஒவ்வோர் அறைக்கும் ஏற்பக் கார்னெட் என்னும் செம்மணிக் கல்லை மெல்லிய தகடாக வெட்டிப் பதித்துள்ளனர். கல்லின் அடியில் நுண்கோடுகள் அழுத்திய பொற்றகடு இருக்கிறது. மேலிருந்து விழும் ஒளி அதிற்பட்டுத் தெறித்து, கல் தீக்கங்கு போல ஒளிர்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாத காலத்தில் இவ்வேலையைச் செய்த தட்டாரை நாகரிகமற்றவர் என்று யார் சொல்லத் துணிவர்?

அக்கற்கள் வந்த வழியும் அறியத்தக்கது. அக்காலத்து ஐரோப்பிய அணிகளிற் பதித்த கார்னெட் கற்களை இரசாயன முறையில் ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவற்றுட் சில இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்றும், வேறு சில மத்திய ஐரோப்பாவிலுள்ள பொஹீமியாவைச் சேர்ந்தவை என்றும் கண்டுள்ளனர். இதனால் ஆங்கிலோ-சாக்சனியர் கப்பலேறி நம் கரைக்கு வந்தனர் என்று கொள்ளலாகாது. துறைமுகம் துறைமுகமாக, வணிகர் கைமாறிக் கைமாறிக் கற்கள் சென்றன. நாடுகளைப் பற்றி ஏதும் அறியாத மக்களின் கைகளையும் வாணிகம் ஒரு சங்கிலியாகப் பிணைத்திருந்தது.

நான்காம் சாட்சி வீட்டுப் பொருள்கள். பொன்னைப் பார்த்த கண்ணுக்கு இவை எளியவை. ஆயினும் வாழ்க்கையைச் சொல்பவை இவையே. அண்டா ஒன்றைத் தொங்கவிடும் இரும்புச் சங்கிலி கிடைத்தது. அதன் நீளம் இரண்டு ஆள் உயரம். அத்தகைய சங்கிலி தொங்குவதற்கு எவ்வளவு உயர்ந்த உத்தரம் வேண்டும்! அரசன் தன் வீரர்க்கு விருந்தளித்த பெரிய மண்டபத்தை அச்சங்கிலி நம் கண்முன் எழுப்புகிறது. சட்டன் ஹூவுக்குச் சில மைல் தொலைவிலுள்ள ரெண்டில்ஷம் என்னும் ஊரில் 2022 ஆம் ஆண்டில் நடந்த அகழ்வாராய்ச்சியில் அத்தகைய ஒரு மண்டபத்தின் அடித்தடம் வெளிப்பட்டது. அதன் நீளம் 23 மீட்டர். அகலம் 10 மீட்டர். காட்டெருதின் கொம்பாற் செய்து வெள்ளிப்பூண் இட்ட குடிகலங்களும் கல்லறையில் இருந்தன. நீர்நாய் போன்ற பீவர் என்னும் விலங்கின் தோலாலான பையில் ஒரு யாழின் துண்டுகள் கிடைத்தன. முதலில் அதனை ஒருவகை வில்யாழ் வடிவில் அமைத்துப் பார்த்தனர். மேலும் ஆராய்ந்தபின் அது வேறு வகையான சிறு யாழ் என்று தெளிந்து மாற்றியமைத்தனர். விருந்து மண்டபத்தில் பாடல் இருந்தது. எழுதிவைக்கவில்லை என்பதால் இலக்கியம் இல்லை என்று ஆகிவிடாது.

தலைக்கவசத்தின் கதையைச் சொல்லாமல் விடலாகாது. அறையின் கூரை இடிந்து விழுந்தபோது அது நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. 1945, 1946 ஆம் ஆண்டுகளில் ஹெர்பர்ட் மேரியன் என்பவர் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் அதனைப் பொருத்தினார். 1970, 1971 ஆம் ஆண்டுகளில் நைஜல் வில்லியம்ஸ் என்பவர் மீண்டும் பிரித்துப் புதிதாகப் பொருத்தினார். அதுவே இன்று உலகமெங்கும் படங்களில் காணப்படுவது. அதன் முகத்தை உற்றுநோக்கினால் ஒரு புதிர் விளங்கும். புருவங்கள் இரண்டும் சிறகுகள், மூக்கு உடல், மீசை வால். ஆக, மனித முகமே பறக்கும் நாகமாக அமைந்திருக்கிறது.

நிற்க. இவ்வளவு செல்வத்தோடு புதைக்கப்பட்டவர் யார்? கல்லறையில் பெயர் இல்லை. பீட் என்னும் துறவி கி.பி. 731 ஆம் ஆண்டில் முடித்த திருச்சபை வரலாற்றில், கிழக்கு ஆங்கிலியாவை ஆண்ட ரெட்வால்ட் என்னும் அரசரைப் பற்றிச் சொல்கிறார். தென்னாட்டு ஆங்கில அரசர்மீது மேலாண்மை செலுத்தியவர் அவர்; ஏறத்தாழ கி.பி. 624 இல் இறந்தவர். கென்ட் நாட்டில் கிறித்தவ ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய அவரை, மனைவியும் ஆலோசகரும் பழைய சமயத்துக்கு மீட்டனர் என்றும், அவர் ஒரே கோயிலில் கிறித்துவுக்கு ஒரு பீடமும் பழைய தெய்வங்களுக்கு ஒரு பீடமும் வைத்திருந்தார் என்றும் பீட் குறிக்கிறார். காலமும் இடமும் செல்வமும் பொருந்துவதால், இக்கல்லறை ரெட்வால்டினுடையதாகலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆயினும் அவர்கள் 'ஆகலாம்' என்றே சொல்கிறார்கள். 'ஆகும்' என்று சொல்லவில்லை. ஈரசைச் சொல் வேறுபாடுதான். ஆனால் ஆராய்ச்சியின் நேர்மை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

சமயத்தைப் பற்றியும் பொருள்கள் ஒரு சுவையான வழக்கை நம்முன் வைக்கின்றன. கப்பலோடு புதைப்பது கிறித்தவ முறை அன்று. ஆயினும் அங்கே சிலுவைக் குறி பொறித்த பத்து வெள்ளிக் கிண்ணங்கள் இருந்தன. இரண்டு வெள்ளிக் கரண்டிகளும் இருந்தன. ஒன்றில் பவுலோஸ் என்றும், மற்றொன்றில் சவுலோஸ் என்றும் கிரேக்க எழுத்தில் பெயர்கள் உள்ளன. சவுல் என்பவர் மனம் மாறிப் பவுல் ஆன கதையை இவை குறிக்கின்றன. ஆகவே இவை ஞானஸ்நானப் பரிசு என்றனர் சிலர். கிரேக்கம் அறியாத தட்டான் ஒருவன் பவுலோஸ் என்பதைப் பார்த்தெழுதும்போது பிழையாகச் சவுலோஸ் என்று வெட்டிவிட்டான் என்றனர் வேறு சிலர். ஒரே எழுத்தில் இரு முடிவுகள்! இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க நாம் பழகவேண்டும்.

தலைக்கவசமும் கேடயமும் சுவீடன் நாட்டில் வெண்டெல், வல்ஸ்யார்டே என்னும் இடங்களிற் கண்ட படகுக் கல்லறைப் பொருள்களை மிகவும் ஒத்திருக்கின்றன. அதனால் அந்த அரசகுலம் சுவீடனிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாமா? நம் தகரப் பெட்டியையும் பம்பாய்ச் சீட்டையும் நினைவுகூருங்கள். பொருள் பயணம் செய்யலாம். தொழிலாளி பயணம் செய்யலாம். வேலைப்பாட்டின் பாணி மட்டும் பயணம் செய்யலாம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு.

இனி, இவை எல்லாவற்றினும் பெரிய கேள்விக்கு வருகிறேன். இறந்தவர் தம் கல்லறையைத் தாமே நிரப்பிக்கொள்வதில்லை. நிரப்புகிறவர் பின்னால் வாழப்போகிறவர். ஆகவே ஈமப் பொருள்கள் இறந்தவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அவரை அடக்கம் செய்தவரின் எண்ணத்தையும் பேசுகின்றன. 90 அடிக் கப்பலை ஆற்றிலிருந்து மேட்டின்மேல் இழுக்க எத்தனை பேர் வேண்டும்! அதற்கேற்ற பள்ளம் தோண்டவும், மேலே மண்மேடு எழுப்பவும் எத்தனை நாள் வேண்டும்! அக்கப்பலின் பலகைகளில் பழுதுபார்த்த அடையாளங்கள் உள்ளன. ஆகவே அது சடங்குக்கென்று செய்த பொம்மை அன்று. நீரில் ஓடி உழைத்த உண்மைக் கலம். அதனை இழக்கத் துணிந்தனர். இவ்வளவும் ஊர் கூடிப் பார்க்க நடந்தது. 1983 முதல் 1992 வரை அங்கு ஆராய்ச்சி நடத்திய மார்ட்டின் கார்வர் என்னும் பேராசிரியர், கிறித்தவமும் பிராங்கியரின் செல்வாக்கும் நெருங்கிவந்த வேளையில், 'நாங்கள் எங்கள் முன்னோர் வழியிலேயே நிற்போம்' என்று உலகறியச் சொன்ன அரசியல் அறிவிப்பு இது என்று கருதுகிறார். அக்கருத்தின்படி, கண்ணீரோடு அரசியலும் அக்குழியில் புதைக்கப்பட்டது.

பொருள்கள் பேசுவதைக் கேட்கும் நாம், அவை பேசாததையும் கவனித்தல் வேண்டும். 1939 இல் உடலின் சுவடு எதுவும் கிடைக்காமையால், அஃது உடலில்லா நினைவுக் கல்லறை என்று சிலர் கருதினர். 1965 முதல் 1971 வரை ரூபர்ட் புரூஸ்-மிட்ஃபோர்ட் தலைமையில் நடந்த மறு ஆராய்ச்சியில், அம்மணலில் பாஸ்பேட் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. உடல் இருந்து, புளிப்பு மணலில் முற்றும் கரைந்துவிட்டது என்றே இப்பொழுது பெரும்பாலோர் கொள்கின்றனர். 1991 ஆம் ஆண்டில் மற்றொரு மேட்டின் அடியில் ஓர் இளைஞனும், பக்கத்துக் குழியில் அவன் குதிரையும் கண்டெடுக்கப்பட்டனர். வாளும் கேடயமும் குதிரையின் கடிவாள அணியும் உடன் இருந்தன. தலை வாரும் சீப்பு ஒன்றும் இருந்தது. அந்தச் சீப்பை வைத்தது யார் கையோ? வேறொரு மேட்டில் செல்வமுள்ள ஒரு பெண்மணி அடக்கம் செய்யப்பட்டிருந்தாள்; அக்கல்லறையைக் கொள்ளையர் முன்பே கலைத்துவிட்டனர். அதே நிலத்தில் பிற்காலத்துக் குழிகளும் உண்டு. அவற்றில் எலும்புகூட இல்லை. மனித வடிவில் மணல் கறுத்திருக்கிறது. கைகால் கட்டப்பட்ட நிலையிலும் கழுத்து முறிந்த நிலையிலும் கிடந்த அவர்கள், தண்டனையாகக் கொல்லப்பட்டவர்கள் என்று அறிஞர் துணிந்தனர். அவர்களுக்கு ஈமப் பொருள் ஏதும் இல்லை. துடுப்பு வலித்த நாற்பதின்மரைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. கல்லறைப் பொருள்களைக்கொண்டு மட்டும் வரலாறு எழுதினால் அது செல்வரின் வரலாறாகவே முடியும். இதனை நீங்கள் என்றும் மறவாதிருத்தல் வேண்டும்.

இப்புதையல் நம் காலம்வரை தப்பிப்பிழைத்ததே ஒரு வியப்பு. முன்னொரு காலத்தில் கொள்ளையர் இப்பெரிய மேட்டையும் தோண்டியிருக்கின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற பழைய ஜாடித் துண்டுகள் கிடைத்தன. ஆனால் அதற்கு முன்னரே உழவினால் மேட்டின் ஒரு பக்கம் வெட்டுண்டு, அதன் நடுப்புள்ளி இடம் மாறித் தோன்றியது. அவர்கள் தோன்றிய நடுவிலே தோண்டினர். உண்மை நடுவில் இருந்த அறை தப்பியது.

புதையல் வெளிவந்தபின் அது யாருக்குரியது என்ற வழக்கு எழுந்தது. 1939 ஆகஸ்டு 14 ஆம் நாள் சட்டன் சிற்றூரின் பொதுமண்டபத்தில் விசாரணை நடந்தது. மீண்டும் எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒளித்துவைத்த பொன் வெள்ளியாயின் அது அரசுக்குச் சேரும். எடுக்கும் எண்ணமின்றிப் பலரறியப் புதைத்ததாயின் நிலத்துக்கு உரியவரைச் சேரும். இதுவே அன்றைய சட்டம். ஊரார் காண ஒரு கப்பலை இழுத்துவந்து புதைத்ததை ஒளித்துவைத்தது என்று கூற இயலுமா? பொருள்கள் எடித் பிரெட்டி அம்மையாருக்கே உரியவை என்று நடுவர் தீர்ப்பளித்தனர். பாருங்கள், ஈமப் பொருளை ஏன் புதைத்தனர் என்ற வரலாற்றுக் கேள்வியே 1,300 ஆண்டுகளுக்குப் பின் வழக்கின் தீர்ப்பையும் முடிவு செய்தது. அம்மையார் அச்செல்வத்துள் ஒன்றையும் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலைக்கு, அதாவது நாட்டு மக்களுக்கு, வழங்கிவிட்டார்.

செப்டம்பர் 3 ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. போர்க்காலத்தில் புதையல் இலண்டன் நகரின் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் பாதுகாக்கப்பட்டது. கப்பலின் தடம் இருந்த நிலத்திலோ போர்ப் பயிற்சி நடந்தது. அந்த மணற்கப்பலின் அன்றைய தோற்றத்தை நாம் இன்றும் விரிவாகக் காண முடிகிறதென்றால், அதற்குப் பெரிதும் உதவியவர்கள் பள்ளியாசிரியைகள் இருவர். மெர்சி லாக், பார்பரா வாக்ஸ்டாஃப் என்னும் அவர்கள் விடுமுறைக்கு அங்கே வந்திருந்தவர்கள். அந்த ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் 400க்கும் மேற்பட்ட புகைப்படங்களை எடுத்துவைத்தனர். ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இச்செய்தியைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

'இருண்ட காலம்' என்ற பெயரை இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர் பலர் இன்று கைவிட்டுவிட்டனர். தொடக்க இடைக்காலம் என்றே வழங்குகின்றனர். பெயர் மாறியதற்குச் சட்டன் ஹூவும் ஒரு காரணம். அம்மக்கள் நூல் எழுதவில்லை. ஆனால் பொன்னை இழைத்தனர், கப்பல் கட்டினர், யாழ் இசைத்தனர், தொலைநாடுகளோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர்.

மாணவர்களே, பொருட்காட்சிசாலையில் ஒரு பழம்பொருளின்முன் நிற்கும்போது, 'இதன் விலை என்ன?' என்ற கேள்வி நாவில் முதலில் வரும். அதனைச் சிறிது அடக்கிக்கொள்ளுங்கள். இது எங்கே செய்யப்பட்டது, எங்கே கண்டெடுக்கப்பட்டது, எத்தனை காலம் கைகளில் புழங்கியது, யார் இதனை மண்ணில் வைத்தார், எதற்காக வைத்தார் என்று கேளுங்கள். எந்த விடை பொருள் தருவது, எந்த விடை நாம் ஊகிப்பது என்பதையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதுங்கள். துருப்பிடித்த ஆணி ஒன்றும் அப்பொழுது உங்களோடு பேசத் தொடங்கும்.